கோகிலாவின் ஐந்து பொட்டுகள்

நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு இப்போது ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. ஈஸ்ட் செல்களைத் தட்டுகளில் புள்ளி புள்ளியாக வைத்து, படம் எடுத்து, எந்தப் புள்ளி மெதுவாக வளர்கிறது என்று கணக்கும் சொல்லிவிடுமாம். அதைப் பார்க்க வாருங்கள் என்று அங்கே படிக்கும் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். போனேன். ஊசிகள் இறங்கி ஏறும் அழகை நின்று பார்த்தேன். டீ குடிக்கும்போது, “அக்கா, நீங்க இதையெல்லாம் கையில பண்ணினதை எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடலாம்” என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் கையால் செய்த முறை ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மீதிப் பக்கமெல்லாம் ஒரு பெண்ணிடமே போய் நிற்கிறது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி, போத்தனூரில் குடியேறி, அதன்பிறகு அந்த ஆய்வகத்தில் தொழில்நுட்ப அலுவலராகச் சேர்ந்தேன். முதல் சில மாதங்கள் ஈஸ்ட் வளர்க்கும் அகார் கூழைத் தட்டில் ஊற்றவும், சாமான்களை நீராவியில் கிருமி நீக்க ஆட்டோகிளேவ் போடவும் கற்றுக்கொண்டேன். பிறகு ஈஸ்ட்டை ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வெல்வெட் துணி வேண்டும் என்றார்கள். நகைப்பெட்டிக்குள் ஒட்டுகிற அதே வெல்வெட். கோட்டைமேட்டில் ஒரு பாய் கடையில் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து வாங்கி வருவேன். “இத்தனை சதுரத்துல என்னம்மா தைக்கறீங்க?” என்று அவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஈஸ்ட்டுக்குத் தலையணை என்பேன். இப்படியாகக் கிட்டத்தட்ட முப்பது வருஷம். போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கினேன்.

எங்கள் வேலை என்ன என்பதை என் கணவருக்குச் சொல்லிப் புரியவைத்த விதத்திலேயே இங்கேயும் சொல்கிறேன். அவர் கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு பம்ப் கம்பெனியில் பத்துப் பேர் பத்து உதிரிபாகம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இம்பெல்லர் வார்ப்பவர் மட்டும் நிறுத்தாமல் வார்த்துத் தள்ளினால் என்ன ஆகும்? முற்றம் முழுக்க இம்பெல்லர். மற்றவர்கள் நடக்க வழியில்லை. கடைசியில் பம்ப்பே வெளியே வராது. இம்பெல்லர் கெட்டது என்று அர்த்தமில்லை, அளவு கூடிவிட்டது. செல்லும் அப்படித்தான். ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட்டுக்குள் ஆறாயிரத்துச் சொச்சம் ஜீன்கள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளவுக்கு மேல் வேலை செய்ய வைத்து, எது செல்லின் வளர்ச்சியை மெதுவாக்குகிறது என்று தேடினோம். மெதுவாக்குபவை எல்லாம் முற்றத்தை அடைப்பவை அல்ல. சில, செல் பிரியும்போது “கொஞ்சம் பொறு” என்று தடுத்து நிறுத்துவதற்காகவே இருப்பவை. எங்களுக்கு வேண்டியது அந்தப் பிரேக்குகள். அந்தப் பிரேக் பழுதானால் மனித உடம்பில் வருவதுதான் புற்றுநோய்.

இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. தேடவேண்டிய ஜீனைச் சுவிட்சோடு சேர்த்து ஈஸ்ட்டுக்குள் அனுப்பிவிடுவோம். காலக்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்னக் கொடுத்தால் சுவிட்ச் விழும், ஜீன் மளமளவென்று ஓடும். குளுக்கோஸ் கொடுத்தால் ஓடாது. இரண்டையும் கலந்து கொடுத்தால் ஈஸ்ட் குளுக்கோஸைத்தான் முதலில் தின்னும். அது தீரும்வரை காலக்டோஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே ஒரே ஈஸ்ட்டை இரண்டு தட்டிலும் வைப்போம். கெட்டியான கரைசல் ஒரு சொட்டு, அதைப் பத்தில் ஒன்றாக நீர்க்கச் செய்து அடுத்தது, இப்படி ஒரு வரிசையில் ஐந்து பொட்டு. குளுக்கோஸ் தட்டில் ஐந்தும் வெள்ளையாக எழும். காலக்டோஸ் தட்டில் மூன்றாவதிலேயே தேய்ந்து போனால், அந்த ஜீன் செல்லை மெதுவாக்குகிறது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “தேயுது” என்போம். அந்த ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் உழைத்திருக்கிறோம்.

எங்கள் தலைவர் நாச்சிமுத்து சார். அன்னூர்ப் பக்கத்துக்காரர். வெளிநாட்டில் பல வருஷம் இருந்து வந்தவர், ஆனால் பேச்சு ஊரை விட்டு நகரவே இல்லை. நேற்றுச் சேர்ந்த மாணவியையும் வாங்க, போங்க என்றுதான் சொல்வார். யாருடைய மேஜைக்கு வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். “உக்காரலாமுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டூலை இழுப்பார். யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. ஒரு முடிவைக் காட்டினால், “நல்லா இருக்குதுங்க. இன்னொருக்கா பாத்துப்போடலாமுங்களா?” என்பார். புதிதாக வந்தவர்கள் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சந்தோஷப்படுவார்கள். எங்களுக்குத் தெரியும். ஒருமுறை சொன்னால் சந்தேகம். இரண்டாம் முறையும் சொன்னால் நம்பவில்லை. அதையும் விட்டுவிட்டு, “ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?” என்று விசாரித்தால் விஷயம் கைமீறிவிட்டது. ஆய்வகத்தில் இதை வைத்து நாங்கள் கேலி பேசுவோம். யாராவது தட்டில் பூஞ்சை பிடிக்கவிட்டால், “ஊட்டுல சௌக்கியமா?” என்று கேட்போம். மரியாதையான மனிதர். அவரை நான் இன்றும் மதிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கோகிலா அந்தியூரிலிருந்து வந்தவள். அப்பா மாடு வாங்கி விற்பவர். அவள் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது என் மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். கோகிலா அதிகம் பேசமாட்டாள். ஆனால் கை சுத்தம். அவள் வைக்கும் பொட்டுகள் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருக்கும். இரண்டு வருஷம் தேடி, அவள் ஒரு ஜீனைப் பிடித்தாள். அதற்குப் பெயர்கூட இல்லை, எண் மட்டும்தான். அதை அதிகமாக ஓடவிட்டால் காலக்டோஸ் தட்டில் பொட்டுகள் மூன்றாவதிலேயே தேய்ந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் சாகவில்லை. ஈஸ்ட்டில் தாய்ச் செல்லின் தோளில் மொட்டுவிட்டு மகள் செல் வளரும், பிறகு பிரிந்து போகும். இங்கே மொட்டு பெரிதாகியும் செல்கள் பிரியாமல் நின்றன. வரிசையாக எல்லாச் செல்லும் ஒரே இடத்தில் நின்றன. முற்றம் அடைபட்டிருந்தால் இப்படி ஒழுங்காக நிற்காது. இது பிரேக். சாரே நுண்ணோக்கியை விட்டு எழ நேரமானது. கட்டுரை எழுதத் தொடங்கினார்கள். அவளுடைய பட்டம், அதற்குப் பிறகு அவள் போக நினைத்த இடம் எல்லாமே அந்த ஒரு ஜீனில் இருந்தது.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சில வாரம் கழித்து, புதிய ஈஸ்ட்டில், புதிய தட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கோகிலா செய்தாள். பொட்டுகள் தேய்ந்தன, ஆனால் முன்போல இல்லை. “நல்லா இருக்குதுங்க. இன்னொருக்கா பாத்துப்போடலாமுங்களா?” என்றார் சார். மறுபடி செய்தாள். இந்த முறை நான்காவது பொட்டு வரை எழுந்துவிட்டது. அதற்கடுத்த முறை ஐந்தும் வெள்ளை வெளேரென்று நின்றன. குளுக்கோஸ் தட்டுக்கும் காலக்டோஸ் தட்டுக்கும் வித்தியாசமே இல்லை.

தட்டில் பிழை இருக்குமோ என்று யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு தட்டிலும், செல்லைக் கொன்றே போடும் என்று உலகத்துக்கே தெரிந்த ஒரு ஜீனையும் சோதனைக்காக ஒரு வரிசையில் வைப்போம். அது எப்போதும்போலச் செத்தது. ஆகவே தட்டு சரி, கோகிலாவின் ஜீன்தான் பொய் என்றாகிவிட்டது. ஜீன் பொய்யென்றால் முதலில் எடுத்த அந்த அழகான படங்கள் எப்படி வந்தன? இந்தக் கேள்வியை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே ஆய்வகம் முழுவதும் அது நின்றது. அவள் வந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. வாராந்திரக் கூட்டத்தில் அவள் முறை வரும்போது, “அவங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டுமுங்க” என்று சார் அடுத்தவரைக் கூப்பிட்டார். அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். கடைசியில் ஒருநாள் அவள் மேஜைக்கு வந்தார். உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தார். “அப்பா சௌக்கியமுங்களா?” என்றார். பிறகு, “ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வாங்க கண்ணு. அப்பறமா வேற ஏதாச்சும் தலைப்புப் பாக்கலாமுங்க” என்றார். எனக்கு இரண்டு மேஜை தள்ளி நடந்தது இது. கோகிலா செரிங்க சார் என்றாள். வெல்வெட் சதுரங்களை மடித்து உறையில் போட்டு, ஆட்டோகிளேவ் நாடா ஒட்டி, அடுத்தவர் எடுத்துக்கொள்ள வசதியாக வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல போத்தனூர் ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறி வீட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். நடைமேடையின் கடைசியில், கூரை முடிந்ததற்கும் அப்பால், ஒரு பெஞ்சில் கோகிலா உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. அந்தியூருக்கு ரயில் கிடையாது. அந்தியூர் போகிறவள் காந்திபுரத்தில் பஸ் ஏறுவாள். போத்தனூரில் அவளுக்கு என்ன வேலை? மேம்பாலப் படியில் என் கால் ஒரு கணம் நின்றுவிட்டது. பிறகு எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இங்க என்ன கண்ணு?”

“சும்மாதானுங்க்கா. ரயில் போறதைப் பாத்துட்டு இருக்கேன்.”

ஒரு சரக்கு ரயில் போனது. அது போய் முடிந்ததும் அவளே சொன்னாள்.

“அந்தப் போட்டோவுல நான் ஒண்ணும் பண்ணலீங்க்கா.”

“நீ பண்ணினேன்னு யாரு சொன்னா?”

“யாருமே சொல்லலீங்களே. அதானுங்க்கா.”

அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். வீட்டுக்குக் கூட்டிப் போய் ரசஞ்சோறு போட்டேன். என் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், ஒன்றும் கேட்காமல் கட்டிலில் பாதி இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் என் கணவர் காரில் அவளை அந்தியூரில் கொண்டுபோய் அப்பா கையில் விட்டுவிட்டு வந்தார்.

அன்று அந்த பெஞ்சில் அவள் எதற்கு உட்கார்ந்திருந்தாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது என் மகள் வேறு மாநிலத்தில் ஆராய்ச்சி மாணவி. தினமும் போன் செய்கிறேன். ஒரு தடவை மணி அடித்து எடுக்கவில்லையென்றால் எனக்கு அந்த மேம்பாலப் படி ஞாபகம் வந்துவிடுகிறது. அவள் சலித்துக்கொள்கிறாள். “அம்மா, சாப்பிட்டேன், தூங்குனேன், எக்ஸ்பெரிமெண்ட் ஊத்திக்கிச்சு, நான் நல்லா இருக்கேன். போதுமா?” என்கிறாள். போதும் என்கிறேன். மறுநாளும் கூப்பிடுகிறேன்.

கோகிலாவை ஊருக்கு அனுப்பிய பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவள் எடுத்த படங்கள் எல்லாம் ஆய்வகக் கணினியில் இருந்தன. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுடைய ஜீனை விட்டுவிட்டு, செல்லைக் கொல்லும் அந்தச் சோதனை வரிசையைப் பார்த்தேன். முதல் படத்தில் அது வெறும் அகார், சுத்தமாக ஒன்றுமில்லை. கடைசிப் படத்திலும் செத்துத்தான் கிடந்தது. ஆனால் பொட்டு வைத்த இடத்தில் பால் காய்ந்த மாதிரி மெல்லிய ஏடு ஒன்று தெரிந்தது. சாவதற்கு முன்னால் கொஞ்சம் தின்று, கொஞ்சம் பெருகியிருக்கிறது. காலக்டோஸ் தட்டில் சுவிட்ச் விழாமல் அது எதைத் தின்றது?

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டைகள் வீட்டில் எப்போதும் இருக்கும். அந்தப் பட்டை குளுக்கோஸுக்கு மட்டும்தான் நிறம் மாறும், காலக்டோஸுக்கு மாறாது. மறுநாள் ஒரு டப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து ஆய்வகத்தில் பிரிக்காத புட்டியிலிருந்து கொஞ்சம் காலக்டோஸ் கடன் வாங்கிக் கெட்டியாகக் கரைத்தேன். எங்கள் டப்பாவிலிருந்தும் அதே அளவு எடுத்துக் கரைத்தேன். அவர்களுடைய கரைசலில் நனைத்த பட்டை நீலமாகவே இருந்தது. எங்களுடையதில் நனைத்தது பச்சையாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகிவிட்டது. எங்கள் காலக்டோஸில் குளுக்கோஸ் கலந்திருந்தது. அது தீரும்வரை கோகிலாவின் ஜீன் சரியாக ஓடவே இல்லை. கொல்லும் ஜீனுக்குத் துளி ஓடினாலே போதும், அதனால்தான் அந்த வரிசை மட்டும் அப்போதும் செத்தது. ஓடத் தொடங்குவதற்குள் பொட்டுகள் வளர்ந்து முடிந்துவிட்டன.

இரண்டு பட்டைகளையும் காகிதத்தில் வைத்து சார் அறைக்குக் கொண்டு போனேன். மூன்று வரியில் சொல்லிவிட்டேன். அவர் பட்டைகளையே பார்த்தார்.

“எந்த டப்பாங்க அம்மணி?”

“நீல மூடி போட்ட பெரிய எவர்சில்வர் டப்பாங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அதுல நாந்தானுங்க போட்டேன்” என்றார்.

ஆயுத பூஜை அன்று நடந்திருக்கிறது. நான் அன்று கணவரின் பட்டறைப் பூஜைக்குப் போய்விடுவது வழக்கம், அதனால் எனக்குத் தெரியாது. இன்குபேட்டர், நுண்ணோக்கி, தராசு எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, டப்பாக்களைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருக்கிறார்கள். காலக்டோஸ் தீர்ந்துபோயிருந்தது, புதுச் சரக்கு வந்துசேரவில்லை. பூஜையில் காலி டப்பா இருக்கக் கூடாது என்று சார்தான் பக்கத்து டப்பாவிலிருந்து குளுக்கோஸை ஒரு கை அள்ளி அதில் போட்டிருக்கிறார். அவர்கள் தோட்டத்து வீட்டில் குதிர் முதல் உப்புச் சாடி வரை எதையும் அன்று வெறுமையாக விடமாட்டார்களாம். எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். லீவு முடிந்து வந்தபோது மறந்துவிட்டது. காலக்டோஸ் வந்ததும் யாரோ அதிலேயே கொட்டியிருக்கிறார்கள். வெள்ளைமேல் வெள்ளை, யாருக்குத் தெரியும்? மேலே இருந்தவரை கலப்பு குறைவு. அடிக்குப் போகப் போகக் கூடியிருக்கிறது. அதனால்தான் கோகிலாவின் முடிவு ஒரே நாளில் காணாமல் போகாமல் முறைக்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

சார் போன் செய்யவில்லை. “போன்ல சொல்ற சேதி இல்லீங்க” என்றார். அன்றே காரை எடுத்தார். என்னையும் வரச் சொன்னார்.

மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் கோகிலாவின் அப்பா நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “ஏனுங்க, எம்பட பொண்ணு ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டாளுங்களா? கேட்டா வாயே தொறக்க மாட்டீங்கறா” என்றார். எத்தனை நாளாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தாரோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சார் அவரிடமே முதலில் சொன்னார். தப்பு தன்னுடையது, அவளுடையது இல்லை என்றார். கோகிலா கதவுப் பக்கம் வந்து நின்றாள். சார் அவளிடமும் நின்றபடியே டப்பாவைப் பற்றிச் சொல்லி முடித்தார். மன்னிச்சுப்போடுங்க கண்ணு என்றார்.

அவள் அழவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசினாள்.

“டப்பாவுல போட்டது பெருசில்லீங்க சார். அது ஆருக்கு வேணாலும் நடக்கும். நீ பொய் பண்ணினியான்னு ஒருக்கா என்கிட்ட நேரா கேட்டிருந்தீங்கன்னா, இல்லீங்கன்னு சொல்லியிருப்பேனுங்க. நீங்க கேக்கவே இல்லீங்களே. கேக்காத கேள்விக்கு நான் எங்கீங்க போயி பதில் சொல்றது?”

அவளுடைய அப்பா, “அம்மணி, சார்கிட்ட அப்படிப் பேசப்படாது” என்று மெல்லச் சொன்னார். சார், “பேசட்டுமுங்க” என்றார். டம்ளர் மோரைக் கையில் வாங்கியவர் குடிக்காமலே வைத்திருந்தார்.

திரும்பி வருவதாக அவள் அன்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து ஒருநாள் காலை ஆய்வகத்தில் அவள் மேஜையில் பை இருந்தது. யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை, ஆனால் மத்தியானச் சாப்பாட்டை அவள் மேஜைக்கே கொண்டு போய் அவளோடு சாப்பிட்டேன். பிரிக்காத புட்டி ஒன்றை வாங்கி, பட்டை வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டு ஊற்றினோம். புதிய ஈஸ்ட். அவளே பொட்டு வைத்தாள். முடிவு பார்க்கும் நாளில் எல்லோரும் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

இருந்தோம். அவள் இன்குபேட்டரைத் திறந்து தட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் வைத்தாள். குளுக்கோஸ் தட்டில் ஐந்து. காலக்டோஸ் தட்டில் இரண்டு நன்றாக, மூன்றாவது நிழல் மாதிரி, அப்புறம் வெறும் அகார். யாரோ “தேயுது” என்றார்கள்.

நாச்சிமுத்து சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நல்லா இருக்குதுங்க என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது.

“கோகிலா, இதுல நீங்க ஏதாச்சும் கைவெச்சீங்களா?”

“இல்லீங்க சார்.”

“மொதல் போட்டோவுல?”

“அதுலயும் இல்லீங்க சார்.”

“செரிங்க” என்றார். ஸ்டூலை இழுத்து, கேட்காமலே உட்கார்ந்தார். “எழுதலாம்.”